முதுநகர் தாண்டி மூச்சை இழுத்தேன்

நாளெல்லாம் கடையில் நின்ற கால்வலி. சாயங்காலம் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன்; சீட் கிடைத்ததே பெரிசு.

பக்கத்தில் என் மகள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டாள். பாலித் தீவுக்குப் போய், மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கப் படிக்கப் போகிறாளாம். நான் சரி என்று சொன்னால்தான் போவாளாம். இன்றைக்கே பதில் அனுப்ப வேண்டும்.

"மூச்சு வுடறதுக்கு எதுக்கும்மா பிளேன் ஏறணும்? நான் இங்கயே அம்பது வருசமா வுட்டுகினுதான் இருக்கேன்."

"யப்பா, ஒரு தடவ செஞ்சி பாத்துட்டுப் பேசு. கண்ண மூடு."

களைத்த ஆளுக்கு அது கசக்குமா? மூடினேன்.

"இப்ப நல்லா ஆழமா இழு."

இழுத்தேன். பஸ் அப்போதுதான் முதுநகர் தாண்டி, அங்கிருக்கும் கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றத்துக்குள் நுழைந்திருந்தது. எல்லாரும் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்தியிருக்க, நான் மட்டும் நெஞ்சு நிறைய வாங்கி இருமினேன்.

முன் சீட்டு அம்மா திரும்பினார். "ஏம்மா, வெளியூரா நீ? இந்த எடத்துலயா மூச்ச இழுக்கச் சொல்லுவ?"

மகள் முகம் சுண்டிப்போனது. "இந்த நாத்தம் மறந்தே போச்சுப்பா."

நாற்றம் முடிந்து ஆலப்பாக்கம் வந்ததும் மொத்த பஸ்ஸும் துண்டை எடுத்துவிட்டு, ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. நாங்களும்தான்.

"சரி, போயிட்டு வா" என்றேன். அடக்கத்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். விடுவதற்கு ஒருத்தியாவது படித்து வரட்டும்.

திரும்பி வந்ததும் முதல் வகுப்பு இதே பஸ்ஸில்தான். யாரெல்லாம் வருகிறீர்கள்? எந்த இடத்தில் இழுக்கக்கூடாது என்பதை மேடத்துக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.