கொடி பிடித்த ஈயச் சிப்பாய்

உக்குவளை மஹ்ரூப் ஓட்டை வாளிக்கு ஈயம் வைத்தால் வாளி துருப்பிடித்து உதிரும், வைத்த ஈயம் அசையாது. கை அப்படி. வாய்தான் கிடையாது. நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் "ம்" என்பார். அந்த "ம்"தான் கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில், ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். உருக்கலாம் என்று மஹ்ரூப் ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களை எடுத்தார். சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, பழைய யுத்தங்களில் பிடித்த விதவிதமான கொடிகள். சட்டியில் கொட்டப் போனவர், கொடி பிடித்த ஒருவனைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். தம்பி நுஹ்மானும் இப்படித்தான் கண்டி அணிவகுப்பில் கொடி பிடித்துப் போனான்!

நுஹ்மான் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்தோடு எகிப்துக்குப் போய், காய்ச்சலில் மௌத்தானவன். முழுசாகக் குளிப்பாட்டி, கபனிட்டு அடக்கினோம் என்று கூட்டாளி எழுதிய கடிதம்தான் பத்து வருஷமாக ஆஸியா உம்மாவுக்கு ஆறுதல். போட்டோ கிடையாது, உருவம் கூடாதென்று வாப்பா எடுக்க விட்டதில்லை. இப்போது உம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து, படுத்த படுக்கை. "அவன்ட முகம் மறந்து போகுது மகன்" என்று ஓயாமல் அழுதார்.

மஹ்ரூப் அந்தச் சிப்பாயின் மூக்கில் ஒரு சொட்டு ஈயம் வைத்து, அராவி, தம்பியின் வளைந்த மூக்கைக் கொண்டுவந்தார். தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். "நுஹ்மானக் கொண்டுவந்திருக்கேன் உம்மா, தொழுதிட்டு வந்து தாறேன்" என்று காதில் சொல்லி, அலுமாரிமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். மனைவி றாபியா "என்ன அது?" என்றதற்கு வழக்கம்போல "ம்".

அவர் திரும்பும்வரை உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தா புள்ள, எண்ட மகனத் தா" என்று கையை நீட்டினார். றாபியா தவித்துப்போனாள். உருவம் இருக்கிற வீட்டுக்குள் அல்லாஹ்வின் மலக்குமார், வானவர்கள், வரமாட்டார்களே, அதுவும் உயிர் பிரியப்போகும் ஸக்கராத்து நேரத்தில்! தலை இல்லாவிட்டால் அது உருவமல்ல என்று ஓதிப் படித்தவள். புருஷனின் தகரம் வெட்டும் குறட்டை எடுத்துத் தலையைத் துண்டித்து, முற்றத்துக்கு அப்பால் வீசிவிட்டு, மிச்சத்தைக் கழுவி மாமியின் கையில் வைத்தாள். பாவம், நல்லதைத்தான் நினைத்தாள்.

மஹ்ரூப் நுழைந்தபோது உம்மாவின் விரல்கள் கொடியைத் தடவி, தோளைத் தடவி, அதற்கு மேலே வெறும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.

"மகன்... அவனத் தலையில்லாமலா அடக்கினாங்க?"

"இல்ல உம்மா! காய்ச்சல் உம்மா, காய்ச்சல்தான்! இது றாபியா வெட்டினது!" பேசாத மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். றாபியா காலடியில் விழுந்து அழுதாள்.

"எனக்காகத்தானே எல்லாரும் ஒளிச்சீங்க" என்றார் உம்மா.

அதற்குப்பின் மூன்று நாள் இருந்தார். மஹ்ரூப் அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை வாசித்துக் காட்டினார். உம்மா நம்பவில்லை.