மயிலையின் முதல் பால்

ஒரு கன்றைக் கொன்றது நான்தான் என்று பதினாறு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம், மானாவாரி பூமி. கட்டுத்தறியில் சாம்பல் நிற மயிலை மாடு ஒன்று நின்றது. தொடர்ந்து காளைக் கன்றாகவே போட்டுக்கொண்டிருந்த அது, அந்த முறை ஒரு விடிகாலையில் கிடாரி போட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கன்று எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அம்மா சீம்பாலை ஒரு சொட்டு விடாமல் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினாள். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். கன்று பிறந்த சேதியே அந்தக் கிண்ணத்தோடுதான் போகும். நான் மட்டும் மூன்று கிண்ணம் தின்றேன். கன்றைத் தனியே முளைக்குச்சியில் கட்டியிருந்தார்கள். அது தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

"கன்னுக்குத் தர வேண்டாங்களாப்பா?"

"சீம்பாலு அதுக்கு ஒத்துக்காது கண்ணு, கழிச்சலாயிரும். ரெண்டு நாள் போவட்டும், அப்புறம் ஊட்ட உட்டுக்கலாம்" என்றார் அப்பா.

அதுவரை பக்கத்துத் தோட்டத்துப் பாலில் தண்ணீர் கலந்து புகட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கன்று ஓடிப்போய் மடியை முட்டி முட்டிக் குடித்தது. வாலை ஆட்டிக்கொண்டு அது குடித்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா வந்து இழுத்துக் கட்டினார்.

மூன்றாம் நாள் அதற்குக் கழிச்சல் கண்டது. வெள்ளையாகத் தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. மாட்டு டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கண் உள்ளே போய், ஐந்தாம் நாள் காலையில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. குழி வெட்டிப் போட்டுவிட்டு வந்த அப்பா என்னை அடிக்கவில்லை.

"கவுத்த அவுத்துப்போட்டயே கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதன்பின் எங்கள் வீட்டில் பிறந்த எந்தக் கன்றின் பக்கமும் நான் போகவில்லை.

விதியின் குசும்போ என்னவோ, இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கன்றுகளின் ரத்தத்தோடுதான் எனக்கு வேலை. கிருமி ஒவ்வொன்றின் மேலும் ஆன்டிஜென் என்று ஓர் அடையாளம் இருக்கும். அதை இனங்கண்டு பற்றிக்கொள்ள உடம்பு செய்துவைக்கும் புரதம் ஆன்டிபாடி. எங்கள் மயிலை அந்தக் கட்டுத்தறியின் கிருமிகளை வருடக்கணக்காகப் பார்த்த மாடு. அவற்றுக்கான ஆன்டிபாடியை மடியில் சேர்த்துவைத்திருந்தது. கன்று வயிற்றுக்குள் இருக்கும்போது அந்த ஆன்டிபாடி அதற்கு வராது, முதல் பாலில்தான் வரும். அதுவும் பிறந்த ஒரு நாளைக்குள் குடித்தால்தான் ரத்தத்தில் சேரும்.

படித்தபோது உறைக்கவில்லை. முதல் சோதனையில் உறைத்தது. ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் சோதனைத் தட்டில், சீம்பால் குடிப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தை விட்ட குழிகளில் நிறமே வரவில்லை. குடித்த கன்றுகளின் குழிகளெல்லாம் மஞ்சளாகின. எங்கள் கன்று வெறும் உடம்போடு கிடந்து செத்திருக்கிறது. நான் அவிழ்த்துவிட்டது தப்பில்லை, நேரம்தான் கடந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். வெட்கங்கெட்ட சந்தோஷத்தோடு அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நானு கொல்லலீங்கப்பா. சீம்பால் குடுக்காமப் போனதுதானுங்க."

அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்கு முன்னால ஒரு பையன் பொறந்தான் கண்ணு. ஒம்பது நாள் இருந்தான். மொதப் பாலு ஆகாதுன்னு கீழ பீச்சிப்போட்டு, சக்கரத் தண்ணிதான் ஊத்துனோம். அவனுக்கும் கழிச்சல்தான். அதும் இதுனாலதானா?"

மனிதக் குழந்தைக்கு அப்படியில்லை, வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி வந்துவிடும் என்றேன். அது உண்மைதான். அப்படியும் குடலைக் காக்க முதல் பால் வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை.

"உங்கம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லிப்போடாத" என்றார் அப்பா.

கன்றுக்காக அழுத அந்த எட்டு வயதிலிருந்து அன்றுவரை, வீட்டுக்கு மூத்த பிள்ளை நான்தான் என்று நினைத்திருந்தேன்.