பீரோவைக் கொடுத்துப் பாலிசியை வாங்கினோம்

"டெலீஷன் ரிக்வெஸ்ட் வந்திருக்கு மேடம்," என்று போனில் சொன்னான், என் மருமகன் வேலை செய்யும் ராணிப்பேட்டை கம்பெனியின் எச்.ஆர். பையன். டெலீட் ஆகவிருந்தது என் மகள் நித்யா.

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருக்கிறேன். இ.எஸ்.ஐ., பி.எஃப். நாமினேஷன், குரூப் மெடிக்கிளெய்ம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கல்யாணமான பையன் அடுத்த திங்கட்கிழமையே லட்டும் போட்டோவுமாக வந்து மனைவி பெயரைச் சேர்ப்பான். விவாகரத்துக்கு யாரும் லட்டு கொண்டு வருவதில்லை. தன் பெயர் போய்விட்டது என்பது அந்தப் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி கவுன்டரில்தான் தெரியவரும். கல்யாணத்துக்கு அடிஷன், விவாகரத்துக்கு டெலீஷன். நடுவில் நடப்பவற்றுக்கு எங்களிடம் படிவம் கிடையாது.

நித்யாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும். "ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு, ஏத்திட்டு அப்புறம் பண்ணலாம்," என்று டாக்டர் தள்ளிவைத்திருந்தார். அவளுக்கு இருந்த ஒரே கவரேஜ் கணவன் பிரபுவின் கம்பெனி பாலிசி. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போட்டிருந்தோம், தீர்ப்பு வரவில்லை.

"தம்பி, தீர்ப்பே வரலியே. சட்டப்படி அவ இன்னும் அவர் சம்சாரம்தானே?"

"தெரியும் மேடம். ஆனா பிரபு சார் டெய்லி கேக்கறாரு. ஸ்பௌஸுக்கு ஒரே ஸ்லாட்தான்."

"அந்த ஸ்லாட்டுக்கு இன்னா அவசரம்?"

"அது... பர்சனல் மேடம்."

அந்த ஸ்லாட்டில் ஏற இன்னொரு பெயர் காத்திருப்பது புரிந்தது, போனை வைத்தேன். ஆனால் வழி எனக்குத் தெரியும். கம்பெனி பாலிசியில் பெயர் இருக்கும்போதே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் பெயருக்குத் தனி பாலிசியாக மாற்றக் கேட்கலாம். பழைய வருஷங்கள் கணக்கில் சேரும். பெயர் போனபின் புதிதாக எடுத்தால், இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் போடுவார்கள், அது முடியும்வரை கிளெய்ம் கிடையாது. அந்த பீரியட் தெரிந்து கட்டி காத்திருக்குமா? பிரபு டெலீஷனை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் ரூமில் பேச்சுவார்த்தை. நான் போனபோது சீராகக் கொடுத்த பீரோவைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நாட்றம்பள்ளியிலேந்து வேன் வெச்சுக் கொண்டாந்த பீரோ அது!" என்றார் என் கணவர்.

"கண்ணாடி உடைஞ்சது யாரால? உங்க பொண்ணு கதவ சாத்தற லட்சணத்தால," என்றார் பிரபுவின் அம்மா சரோஜா.

"பேஜார் பண்ணாதீங்க. பீரோவ ரெண்டா அறுத்துடலாமா?" என்றார் வக்கீல். இரு தரப்பும் ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

நான் சொன்னேன்: "பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாத்தையும் நீங்களே வெச்சிக்கோங்க. தனி பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் நித்யா பேர எடுக்காதீங்க."

என் கணவர் பதறினார். "உனக்கு இன்னா பைத்தியமா? வேணாம்னு சொல்றவன்கிட்ட இன்சூரன்ஸ் கேக்கற. மானம் போவுது!" பீரோவுக்குச் சண்டை போடும்வரை அந்த மானம் பத்திரமாக இருந்திருக்கிறது.

பிரபு என்னைப் பார்த்தான். மாப்பிள்ளை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"இதுல எனக்கு இன்னா நஷ்டம்?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. பிரீமியம் கம்பெனி கட்டுது."

"நஷ்டமே இல்லன்னா அப்புறம் ஏன் பீரோவ விட்டுத் தர்றீங்க?"

சரோஜா அவன் காதில் சொன்னது ரூம் முழுக்கக் கேட்டது. "இன்னாமோ உள்ள இருக்குதுடா. சும்மா குடுக்கற பொம்பளையா இவ? ஃபிரிட்ஜையும் கேளு."

ஃபிரிட்ஜையும் கொடுத்தேன். அப்போதுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. வக்கீல் ஒப்பந்தத்தில் பாலிசியை எழுத, பிரபு அங்கேயே எச்.ஆர். பையனுக்குப் போன் செய்து ரிக்வெஸ்ட்டை வாபஸ் வாங்கினான். தனி பாலிசி வந்தது. பிறகு தீர்ப்பும் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போது கவுன்டர் பெண், "ஹஸ்பண்ட் வந்திருக்காரா? கார்டு அவர் பேர்லயா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா, "என் பேர்ல," என்றாள். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கும், மனு போடப்போகும் பெண்களுக்கும் சொல்கிறேன். தீர்ப்பு வந்த அன்றோடு மனைவி என்ற முறையில் இ.எஸ்.ஐ. போகும், பி.எஃப். குடும்பப் பென்ஷன் உரிமை போகும். பிள்ளைகளின் உரிமை போகாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எல்.ஐ.சி. பாலிசியில் நாமினியாக உங்கள் பெயர் இருப்பதை நம்பாதீர்கள், அவர் எந்த நாளும் மாற்றலாம். சாமான் பட்டியலுக்கு முன்னால் இதையெல்லாம் பேசுங்கள். தீர்ப்புக்குப் பிறகு கேட்டால் எல்லோரும் அனுதாபப்படுவார்கள். அனுதாபத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கிடையாது.