திருப்பி அனுப்பிய பேர்

எங்கள் வீட்டுக் கதவின் உட்பக்கம், கடிதம் விழுகிற துவாரத்துக்கு மேலே, ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் உள்ள நீளமான பேர் யாருடையது என்று சின்னவன் கேட்டான். அக்காவிடம் கேட்காதே, நான் எழுதித் தருகிறன் என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 2009. ஊரில் சண்டை முடிந்து சில மாதங்கள். வன்னியில் இருந்த என் அண்ணை முகாமில் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை. கையில் கிடைத்த முகாம் பட்டியல் எல்லாம் தேடினேன். பள்ளிக்கூடத்தால் வருகிற மூத்தவள் எங்களுக்கு வந்த கடிதங்களைத் தெரிந்தெடுத்து மேசையில் வைப்பாள். நான் வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றமுதல் அவற்றைப் பார்ப்பேன். மின்சார பில், கவுன்சில் கடிதம். அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம் அவள் குசினி மேசையில் லத்தீன் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பழைய ரோமாபுரி எழுத்தாளர்களின் பேர்கள். அந்தக் காலத்தில் ஒருவருக்கு மூன்று பேராம். தன் பேர், குடும்பப் பேர், கடைசியில் பட்டப்பேர். எங்கட ஊரிலும் பட்டம் வைக்காமல் ஒருத்தரையும் விட்டதில்லை என்று சிரித்தேன். பிறகு வந்த நாட்டுக்காரர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி பேர்களை வெட்டினார்களாம். பிரெஞ்சுக்காரர் ஒரு மாதிரி, இங்கிலீஷ்காரர் இன்னொரு மாதிரி. ஒருவரை இங்கே இங்கிலாந்தில் முன்பு நடுப்பேரைச் சுருக்கிக் கூப்பிட்டார்களாம், பிறகு கடைசிப் பேரால். பழைய புத்தகம் படிக்கிற பிள்ளை, இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடுமாம்.

எனக்கும் அதுதான் நடந்தது என்றேன். நாங்கள் அப்பாவின் பேரை முன்னுக்கு எழுதுகிறவர்கள். நான் முதலில் போய் இருந்த பிரான்சில், பதிவுக் கந்தோர்க்காரர் முன்னால் இருந்ததையே என் பேராக்கிவிட்டார். நான் வேலை செய்த உணவகத்தில் எல்லாரும் என்னை என் அப்பாவின் பேரால்தான் கூப்பிட்டார்கள். செத்துப்போன மனிசனைக் கோப்பை கழுவ ஏவுகிற மாதிரி இருக்கும். அதனால் லண்டன் வந்து குடியுரிமை எடுத்தபோது அப்பாவின் பேரை நீக்கிவிட்டேன். என் பேரிலும் பாதியை வெட்டினேன். போனில் விலாசம் கொடுத்தபோதும் அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் பேரை வெட்டினேன் என்று எப்படிச் சொல்லுவது?

"அப்ப உங்கட முழுப்பேர் என்னப்பா?"

சொன்னேன். அவள் பேனையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பேருக்கு ஒரு லெட்டர் வந்தது, அப்பா. சமர் லீவுக்கு முதல். நான் திருப்பி அனுப்பிட்டன்."

எங்கள் ஃபிளாட்டுக்கு முன்பு இருந்தவர்களின் கடிதங்கள் எத்தனையோ வரும். மற்றவர்களின் கடிதத்தை உடைக்கக்கூடாது, இங்கே அப்படி ஆள் இல்லை என்று எழுதித் தெருமுனைத் தபால் பெட்டியில் போடு என்று அவளுக்குப் பழக்கியது நான்தான். அவள் சரியாகவே செய்திருந்தாள். எப்படி எழுதியிருந்தது என்று கேட்டேன். பெரிய இங்கிலீஷ் எழுத்துகள், ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி என்றாள். அண்ணை அப்படித்தான் எழுதுவார்.

அவள் அழத் தொடங்கினாள். உன்னில் பிழையில்லை, நீ நான் சொன்னதைத்தானே செய்தனி என்று பலதடவை சொன்னேன். அவளுக்கு அவர் வெறும் பெரியப்பா, உறையில் அவர் பேர் இருந்திருந்தாலும் தெரிந்திராது. தன் அப்பாவின் பேரே தெரியாத பிள்ளைக்கு மற்றதெல்லாம் எப்படித் தெரியும்?

தபால் கந்தோரில் கேட்டேன். அது எப்போதோ போய்விட்டது என்றார்கள். அந்த உறை அண்ணையின் கைக்குத் திரும்பிப் போயிருந்தால், அப்படி ஆள் இல்லை என்ற என் மகளின் உருண்டை எழுத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? பட்டியல்களில் இன்னும் தேடுகிறன். வேறு கடிதம் வரவில்லை.

அவள் அதைச் சொன்ன அடுத்தநாள் காலை அவளே அந்த நீளப் பேரை எழுதிக் கதவில் ஒட்டினாள். பிள்ளைகள், அந்தப் பேருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் திருப்பி அனுப்பாதேங்கோ. அந்த ஆள் இங்கேதான் இருக்கிறார்.