பூசையறைத் தண்ணீரும் கீழ்வீட்டு உத்தரமும்

இந்த அனுபவத்தை எழுதித் தரும்படி நம் வழிபாட்டு மன்றத்தார் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். களைப்பு ஒரு காரணம். வெட்கம் மற்றொரு காரணம். முருகன் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமானால், அந்த உதவி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடியவர்களே, அந்தக் கேடு என்னால் வந்தது.

சென்ற ஆண்டு புரட்டாசியில், மகாளயத்துக்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை முற்பகல். எங்கள் மாடித்தளத்தைத் தாங்கும் மர உத்தரம் முறியும் நிலையில் இருந்தது. அதற்கு நேர் கீழே, தாமாக எழுந்து நகர முடியாத ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். அந்த உத்தரத்தை உளுத்துப்போகச் செய்தது நான் வெள்ளிதோறும் ஊற்றிய தண்ணீர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். என் கணவர் இரயில்வேயில் ஓய்வு பெற்றபின் குடியிருப்பை ஒழித்துக் கொடுத்துவிட்டு, வங்காளத் தலைநகரின் காளிகாட்டுப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய வீட்டின் மேல்மாடியை வாங்கினோம். கீழ்வீடு ரீனா என்பவருடையது. என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய கணவர் தபன் பக்கவாதத்தால் ஐந்து ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். வலக்கை விரல்களையும் கண்களையும் தவிர வேறெதுவும் அசையாது, பேச்சும் இல்லை.

வீட்டைச் செப்பனிடும் பணியை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நாங்களே ஆள் வைத்துச் செய்வதென்று முடிவெடுத்தோம். நான்கு மாதத்தில் முடியும் என்று எண்ணினோம். பதினெட்டு மாதம் ஆகியும் முடியவில்லை. சுவிட்சுப் பலகையைப் பதித்துப் பூசிய பிறகுதான், பீரோவை நிறுத்த அந்தச் சுவரைத் தவிர வேறு இடமில்லை என்பது தெரிந்தது. குளியலறைத் தரையின் சரிவு வாசற்பக்கமாக அமைந்துவிட்டது. குளிக்குந்தோறும் தண்ணீர் கூடத்துக்கு வந்தது. கோடையில் பொருத்திய சன்னற்கதவுகள் மழைக்காலத்தில் ஊதி இறுகிக்கொண்டன. சோற்றில் தூசி, தலையணையில் தூசி. கொத்தனார் இன்று வருவாரா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நாளும் விடிந்தது. அறுபது வயதுக்கு மேல் வீட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் தங்கள் உடம்பைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

இவை சில்லறைத் தவறுகள். பெரிய தவறுகள் இரண்டு, இரண்டும் பூசையறையில் நேர்ந்தவை.

இந்நகரத்துப் பழைய வீடுகளில் மாடித்தரை காங்கிரீட்டால் ஆனதன்று. சுவருக்குச் சுவர் தடித்த மர உத்தரங்கள். அவற்றின் குறுக்கே சட்டங்கள். அதன்மேல் செங்கல் பரப்பிச் சுண்ணாம்புக் காரை. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புத் தரை. அந்தச் சிவப்புத் தரையைப் பெயர்க்காமலே அதன்மேல் மணலும் சிமெண்டும் கொட்டி டைல்ஸ் பதித்தோம். பெயர்ப்பதற்குப் பொறுமை இல்லை. பாரம் கூடியது. இது முதல் தவறு.

இரண்டாவது முழுக்க என்னுடையது. வெள்ளிக்கிழமை பூசையறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியே எனக்குப் பழக்கம். இரயில்வே குடியிருப்பில் தரைத்தளத்தில் முப்பது ஆண்டு அப்படித்தான் செய்தேன். தண்ணீர் வெளியேறச் சுவரின் அடியில் ஒரு துளை வேண்டும் என்று ரஃபீக் மிஸ்திரியிடம் சொன்னேன். கொத்தனாரை இங்கே மிஸ்திரி என்பார்கள். அவர் முர்ஷிதாபாத்காரர். அவரும் ரீனாவும் என்னோடு பேசியது வங்காள மொழியில். என் காதில் நிற்கும் தொனியில் தமிழில் எழுதுகிறேன். மிஸ்திரிக்கு நான் ‘மாஷிமா’, அதாவது பெரியம்மா; ரீனாவுக்கு ‘திதி’, அதாவது அக்கா.

“சுவத்துல ஓட்டையா? மாஷிமா, இது பூஜை ரூமா, லாரி கழுவற எடமா?”

“தண்ணி வெளிய போக வேண்டாமா மிஸ்திரி?”

“துணியால தொடைங்களேன். இந்தத் தரைக்கு அடியில மண்ணு இல்ல, மரம் இருக்கு. அதுக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் தெரியாது.”

செய்தித்தாளை இறக்காமலே என் கணவர் தமிழில் சொன்னார்: “ஏட்டி, உன்னைய விட்டா திருச்செந்தூர்க் கடலையே மாடிக்கு ஏத்திருவ போலுக்கே.”

நான் அசையவில்லை. நான்கடி தள்ளியாவது வைக்கலாம் என்றார் மிஸ்திரி. வடகிழக்கு மூலையில்தான் வேண்டும் என்றேன். அந்த மூலையின் கீழேதான் உத்தரத்தின் தலை சுவருக்குள் செருகப்பட்டிருந்தது. துளையில் வைத்த குழாயின் இணைப்பு சுவருக்குள்ளேயே கசிந்தது. வெள்ளிதோறும் இரண்டு வாளி. ஓராண்டுக்கும் மேலாக.

ரீனா முதலில் நயமாகத்தான் வந்து சொன்னார், கூரையில் ஈரம் படர்கிறது என்று. அடுப்படி ஆவியாக இருக்கும் என்றேன். மறுமாதம் படிக்கட்டில் நின்றே கூப்பிட்டார்.

“திதி! உங்க சாமி குளிக்கறப்போ எங்க வீட்டுக்காரரும் நனையறார்.”

“உன் குளியலறைக் குழாயைப் பாரு ரீனா. எதுக்கெடுத்தாலும் மேல்வீடுதானா?”

“என் குழாய்க்கு வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுகத் தெரியுமா?”

அன்றோடு பேச்சு நின்றது. நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. பதினான்கு படிகள்தாம். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்ற அச்சம் அதற்குள் இருந்தது.

அந்த வியாழக்கிழமை, மிஸ்திரி மறுநாள் ஊருக்குப் புறப்பட இருந்தார். பூசையறை மூலையில் ஒரு டைல் தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. போகுமுன் அதைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தேன். டைலைப் பெயர்த்தார். அடியிலிருந்த காரை சேறாக இருந்தது. அதை வழித்துவிட்டு உத்தரத்தின் தலையைத் தேடி விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது, வடிகட்டிய தேயிலைத்தூள் போல ஏதோ விரலில் ஒட்டியிருந்தது. அது மரம்.

அவர் எழுந்திருக்கவில்லை, தவழ்ந்தே பின்னுக்கு வந்தார்.

“யாரும் உள்ள கால் வைக்காதீங்க. கீழ யாரு இருக்கா?”

சொன்னேன். அவர் முகம் மாறிய விதத்தை நான் மறக்கமாட்டேன்.

“முட்டுக் கொடுக்க நாலு கம்பமாவது வேணும், உடனே. ஆனா எங்க போறது? ஊர்ல இருக்கற மூங்கில் அத்தனையும் துர்க்கை பூஜைப் பந்தலுக்குப் போயிடுச்சு. கடையில ஒரு குச்சி கிடைக்காது.”

என் கணவர் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் ஒவ்வொரு படியாக நின்று இறங்குபவர் அவர். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ்திரி பலகையும் ஆப்பும் தேடி வெளியே ஓடினார். நானும் கீழே போனேன்.

ரீனா கதவைத் திறந்தார். சொன்னதைக் கேட்டார். திரும்பிப் போய்க் கணவரின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பழங்காலத்துப் பெருங்கட்டில், கழற்றாமல் வாயில் வழியே வராது. தபன் கனத்த உடம்புக்காரர். நாங்கள் இரண்டு பெண்கள் தூக்கும் பாரம் அன்று.

“நீயாவது வெளிய வந்துடு ரீனா. ஆளுங்க வந்து தூக்குவாங்க.”

“அவரை விட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்க.”

நான் நிலைப்படியில் நின்றேன். அப்போதுதான் கூரையில் அந்த ஈரக்கறையை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு பாய் அளவுக்கு இருந்தது. அதன் நடுவில் உத்தரம் கருத்துப்போய், சுவரோரம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. சுண்ணாம்புப் பொடி மெல்ல உதிர்ந்து தபனின் போர்வைமேல் விழுந்துகொண்டிருந்தது.

எனக்குச் சொல்லத் தெரிந்த துதிகள் பல. அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. “முருகா, நான் ஊற்றிய தண்ணீர் உனக்கு வேண்டாம். அந்த மரத்தை மட்டும் பிடித்துக்கொள்” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அதைச் சொன்ன பிறகு வாசலில் நிற்க முடியவில்லை. அவனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் வெளியே நிற்பதா? உள்ளே போனேன். கட்டிலின் மறுபக்கம் நின்றேன்.

“ரீனா, தண்ணி என்னுதுதான். உன் குழாய் இல்ல. எனக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சு.”

அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இதை இப்பவா சொல்லணும்? மெத்தை மூலையைப் பிடிங்க திதி.”

பிடித்தேன். இருவரும் இழுத்தோம். மெத்தை ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. என் கைகளில் வலு இல்லை. ரீனா அழவில்லை, மூச்சிரைக்க மறுபடி இழுத்தார். மேலே மரம் ஒருமுறை முனகியது. தபன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது சந்தில் பல காலடிகள் கேட்டன.

என் கணவர் சந்து முனைக்குப் போயிருக்கிறார். அங்கே துர்க்கை பூசைக்கான பந்தல் முக்கால்வாசி எழுந்து நின்றது. அவர் சொன்னதைக் கேட்டதும் பந்தல் வேலையின் தலைவர் மறுகேள்வி கேளாமல் கம்பங்களின் கட்டை அறுக்கத் தொடங்கினாராம். பூசைக் குழுவின் செயலாளர் ஓடிவந்து, “அண்ணா, ஞாயித்துக்கிழமை திறப்பு! முன்வாசலையே பிரிக்கிறீங்களே!” என்று கத்தியிருக்கிறார். “அம்மா ஒருநாள் பின்வாசல் வழியா வந்தாக் கோவிச்சுக்க மாட்டா, தள்ளிக்கோ” என்று சொல்லிவிட்டுக் கம்பத்தைத் தோளில் ஏற்றினாராம் அவர். இதெல்லாம் என் கணவர் பின்னால் சொல்லி நான் அறிந்தது.

ஏழு பேர் வந்தார்கள். நான்கு பேர் தபனை மெத்தையோடு தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். ரீனா அவர் தலையைத் தாங்கிக்கொண்டே போனார். மற்றவர்கள் கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளி, தரையில் பலகை போட்டுக் கம்பங்களை நிறுத்தி, உத்தரத்தின் அடியில் மற்றொரு பலகை கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்கினார்கள். மிஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சுவரோரக் கம்பத்தின் ஆப்பு உள்ளே இறங்கிக் கம்பம் இறுகிய கணத்தில், மேலே ஒரு சத்தம். உத்தரத்தின் தலை சுவரைவிட்டு அறுந்து, அந்தக் கம்பத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. அறை முழுதும் புழுதி. புழுதி அடங்கியபோது தளம் நின்றது.

மிஸ்திரி சுவரில் அந்தத் தலை செருகியிருந்த குழியைப் பார்த்தார். உள்ளே பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஈரத்தூள்தான் இருந்தது.

“இவ்வளவு நேரம் இது எதுமேல நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல மாஷிமா” என்றார்.

எனக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இவ்வூரில் நம் முருகன் அன்னையின் பந்தலில், அவள் பக்கத்தில், கார்த்திக் என்ற பெயரில் மீசையோடு நிற்கிறான். அவன் நிற்க இருந்த பந்தலின் கம்பங்கள் அவனுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

அன்று பிற்பகல் முன்னறையில் ரீனாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கணவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இவர் விரலைத் தூக்கி மேல காட்டுவார். ஃபேன் போடச் சொல்றார்னு நெனச்சு நான் போட்டுட்டுப் போவேன்.”

 தபனின் போர்வையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டினேன்.

அதன்பின் வேலை மேலும் ஐந்து மாதம் நடந்தது. மிஸ்திரி ஊர்ப்பயணத்தை இரண்டு நாள் தள்ளி முட்டுகளை உறுதிப்படுத்திவிட்டுப் போய், பூசை கழிந்து திரும்பினார். பந்தற்காரர்களுக்கு வேறு கம்பம் கிடைத்தது. எங்கள் கம்பங்கள் தை வரையில் அங்கேயே நின்றன. டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தோம். மரத்துக்குப் பதில் இரும்பு உத்தரம் ஏற்றினோம். துளையை அடைத்தோம். பழைய வீட்டைச் செப்பனிடுவோர்க்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உத்தரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமல் சுவரைத் தொடாதீர்கள், பழைய தரையை எடுக்காமல் புதிய தரை போடாதீர்கள், கீழ்வீட்டார் ஈரம் என்றால் அன்றே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

இப்போது பூசையறையை ஈரத்துணியால் துடைக்கிறேன். முதல் சில வாரம் ஏதோ குறைவைப்பது போல இருந்தது. கழுவிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் வெள்ளிதோறும் மிஞ்சுகிறது. கீழே போய்த் தபன் அருகில் உட்காருகிறேன். ரீனா அந்த நேரத்தில் கடைக்குப் போய்வருகிறார். என்னை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “நேரத்துக்கு வந்துடுங்க திதி” என்று மட்டும் படிக்கட்டில் நின்று குரல் கொடுக்கிறார்.

நான் இன்னும் களைத்துத்தான் இருக்கிறேன். குளியலறைச் சரிவு இன்னும் சரியாகவில்லை; அதைத் தொட மனம் வரவில்லை. ஆயினும் காலையில் விளக்கேற்றும்போது நன்றி என்ற சொல் தானாக வருகிறது. முன்பு அதை மனப்பாடமாகச் சொன்னேன்.

அடியவர்களே, துன்பத்தில் இருப்போர் அவனைக் கூப்பிடுங்கள். அந்தத் துன்பத்தில் உங்கள் கை இருந்தாலும், அதை மறைக்காமல், அதோடே கூப்பிடுங்கள். அன்று அவன் என் தகுதியைப் பார்த்திருந்தால் அந்த மரம் நின்றிருக்காது. குற்றத்தோடு கூப்பிட்டவளுக்கே வந்தவன், உங்களுக்கு வராமற்போகான்.