ஒரு தடவைக்கு ஒரே எழுத்து

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: ஒரு மெஷின் தலையாட்டி ஏற்றதை இன்னொரு மெஷின் மூஞ்சியில் விட்டெறியும். பட்டவர்களுக்குத் தெரியும், இல்லையா?

எழுபதுகளில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. கட்டுரைத் தலைப்புகளை அட்டைகளில் துளையிட்டு வைத்திருந்தோம். அட்டைக்கு ஒன்று, முதலில் உலோகத்தின் பெயர், பிறகு தலைப்பு, எல்லாம் ஆங்கிலத்தில். 'ஜிங்க்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் பொறுக்கியெடுக்க நான் கட்டளை எழுதுவேன். எங்களிடம் கம்ப்யூட்டர் ஏது? அட்டைக்கட்டு ரயிலேறி மெட்ராஸ் போகும், அச்சடித்த தாள் ஒரு வாரத்தில் திரும்பும்.

மனகோலம் டின்

முதல் கட்டுக்குப் பெட்டி அகப்படவில்லை. வீட்டில் எங்கள் ஊர்ப் பலகாரமான மனகோலம் வைத்திருந்த தகர டின்னைத் துடைத்து, அதில் அடுக்கி அனுப்பினேன். துடைத்த லட்சணம்! எண்ணெய் ஊறி, அட்டைகள் ஒட்டிக்கொண்டு மெஷின் நின்றுபோனது. அங்கே மெஷின் ஓட்டிய வசந்தா எங்கள் பக்கத்து ஒக்கூர்ப் பெண். தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "எங்க ஊரு வாசம் தாங்கலை. அடுத்த தடவை அட்டையைத் தனியா, மனகோலத்தைத் தனியா அனுப்புவீகளா?"

நாலும் எட்டும்

அப்படியே இரண்டையும் தனித்தனியாக அனுப்பினேன். அதிலிருந்து தாள் வந்தால் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். 'கமாவை விட்டுட்டீக', 'ஊருல மழையா?' அவ்வளவுதான் இருக்கும். முகம்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பென்சில் எழுத்துக்கு ஏங்கிக் கிடந்தேன், வேறென்ன சொல்ல!

மெட்ராஸில் கூட்டம் அதிகமானதும், கட்டளை பம்பாய் மெஷினிலும் ஓட வேண்டும் என்றார் எங்கள் தலைவர் சோமசுந்தரம். அனுப்பினால் ஒரு ஜிங்க்கூட அகப்படவில்லை. மெட்ராஸ் மெஷின் நாலு நாலு எழுத்தாக வாங்கும், ஆங்கில ஜிங்க்கும் நாலெழுத்து. பம்பாய் மெஷின் எட்டு எட்டாக வாங்கி, அடுத்த சொல்லின் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டதால் அதற்கு அது ஜிங்க்காகவே தெரியவில்லை. அடுத்த கட்டோடு சீட்டு வைத்து வசந்தாவிடம் புலம்பினேன். பதில் வந்தது: "ஒரு தடவைக்கு ஒரே எழுத்தா எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, எந்த மெஷினும் வழிக்கு வரும். ஆனா அப்புறம் நான் திருத்தி எழுத ஒண்ணும் மிச்சமிருக்காதே."

சுத்தமான தாள்

மூன்று நாள் இழுத்தடித்தேன். ஒரு கமாவை வேண்டுமென்றே விட்டுவிடலாமா என்று கை குறுகுறுத்தது. தொழில் புத்தி விடுமா? சரியாகவே எழுதித் தொலைத்தேன். சீட்டிலாவது மனசில் இருந்ததைச் சொல்லியிருக்கலாம். 'சரிபார்த்தாயிற்று' என்று எழுதி வைத்தேன், மடையன்.

இரண்டு ஊர்த் தாளும் வந்தன. வரிக்கு வரி ஒன்றுபோல இருந்தன. மெட்ராஸ் தாளின் ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன், திருப்பிப் பின்புறமும் பார்த்தேன். சோமசுந்தரம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "என்னய்யா, தப்பே இல்லாத தாள்ல எதைத் தேடுறீக?"

எந்த மெஷினுக்கும் புரிகிற மாதிரி எழுதக் கற்றுக்கொண்ட எனக்கு, ஒக்கூர்ப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி எழுதத்தான் கடைசிவரை வரவில்லை.