குடும்பிமலைப் பாதையில் என்னைத் தொடர்ந்தவன்

பங்குனியில் மழை ஓய்ந்து குடும்பிமலை பச்சையாய் நிற்கும். ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு காலை கிரானிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, என் வயிறு அதைவிட மூத்தது.

வயல்வட்டை முடிந்து காடு தொடங்கிய இடத்திலிருந்து ஒருவன் சைக்கிளில் என் பின்னாலேயே வந்தான். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வந்தான். நான் தண்ணீர் குடிக்க நின்றால் அவனும் தூரத்தில் நின்றான். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் ஒளித்தேன். மறுபடி திரும்பிப் பார்த்தால், ஆள் மரத்தில் கொப்பு முறிக்கிறான்! என் மண்டைக்குத்தான் என்று முடிவுகட்டி, உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

"அண்ணே, நில்லுங்க! யானை மணக்குது!"

"இந்தப் பேய்க்காட்டலை வேற ஆளிட்ட வச்சுக்க!" என்று கத்திக்கொண்டே வளைவில் திரும்பினேன்.

நடுப்பாதையில் ஒற்றை யானை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், கள்ளன் என்று நினைத்தவனின் கையையே பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் யானை காட்டுக்குள் இறங்கியது.

அவன் அங்கே மாட்டுப்பட்டி பார்ப்பவனாம். கொப்பு எதற்கு முறித்தாய் என்று கேட்டேன்.

"பிள்ளையாருக்குக் கொப்பு முறிச்சுக் கட்டாம ஆரண்ணே காட்டுக்குள்ள போவாங்க?"

"அதுசரி, ஏன் என்ட பின்னால வந்த நீ?"

"தனியப் போகப் பயம். நீங்க முன்னால போனா யானை முதல்ல உங்களைத்தானே பிடிக்கும்!"

இப்போதெல்லாம் காட்டு வழியில் பின்னால் ஆள் வந்தால் நின்று, ஊர் பேர் கேட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டே சைக்கிள் ஓடுகிறேன். யாரும் வராவிட்டால் வரும்வரை காத்திருக்கிறேன். மலை ஓடிப்போகாது, அன்றைக்கு ஓடியது நான் மட்டும்தான்.